கல் வைக்காத இடம்

புக்கிட் ரம்பாய்,
ஞாயிற்றுக்கிழமை.

அகல்யா அப்பாவுக்கு, சுசீலா வணக்கத்துடன் எழுதுவது.

நானும் அகல்யாவும் நலம். மீரியில் மழை விடவில்லை என்றீர்கள். நெஞ்சுச் சளியோடு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்க்காதீர்கள். போனில் பேசினால் இந்தக் கேஸ் விஷயம் சண்டையில்தான் முடிகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வக்கீல் ஷாந்தினியைப் பார்த்தேன். தோட்டத்து இடுகாட்டை எடுத்து ஃபேக்டரிக்கு ரோடு போடும் அரசாங்க உத்தரவை எதிர்த்து உங்களோடு கையெழுத்துப் போட்டவர்களில் இப்போது ஒருவரும் கேஸில் இல்லை. கடைசியாக வீரமுத்து அண்ணனும் பெயரை எடுத்துவிட்டார். "ஆண்ட்டி, இப்ப அங்கிள் ஒருத்தர்தான்லா. தோத்துட்டா கவர்மெண்ட் பக்கத்துச் செலவையும் அவர்தான் கட்டணும், வீடு வரைக்கும் வந்துடும்" என்றாள். அடுத்த வாரம் மலாக்கா கோர்ட்டில் விசாரணை. அதற்குள் நீங்களும் விலகிக்கொண்டால் அவர்கள் செலவு கேட்க மாட்டார்களாம்.

வீரமுத்து அண்ணன் விலகியதில் ஆச்சரியமில்லை. அவருடைய அப்பா சமாதிக்குக் கல் இருக்கிறது. கல் உள்ளதை எல்லாம் ஆபிஸ்காரர்கள் எண்ணிக்கொண்டு போனார்கள், எலும்பை எடுத்துப் புது இடுகாட்டில் வைத்துத் தருகிறார்கள். நம் பிள்ளைக்குத்தான் கல் இல்லை. பச்சைப் பிள்ளைக்குக் கல் வைத்தால் அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாமும் கேட்டுக்கொண்டோம். அகல்யா தங்கினாள். ஆனால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அங்கே அவன் இல்லவே இல்லை.

போன வாரம் கோயிலில் எல்லார் முன்னாலும் அண்ணன், "ஒரு கல்லுகூட இல்லாத இடத்துக்கு கணேசமூர்த்திக்கு என்னாத்துக்கு இந்த வீம்பு? அவனால எங்க சமாதிய மாத்துற வேலையும் நிக்குதுலா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திருநீறுகூட வாங்காமல் வந்துவிட்டேன். ஒன்றாகப் பசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வந்த பக்கத்து வீட்டு ஜெயா இப்போது என்னைக் கண்டால் கேட்டைச் சாத்துகிறாள்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அகல்யாவுக்குப் பேசியிருந்த சிம்பாங் அம்பாட் ஊர்ச் சம்பந்தம் தள்ளிப்போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா அரசாங்க வேலையில் இருக்கிறவர் அல்லவா? "கேஸ் முடியட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்கிறார், அவ்வளவுதான். அகல்யா, "என்னைப் பாத்து அப்பா முடிவெடுக்க வேணாம்மா" என்கிறாள். ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரையும் பகைத்து, அரசாங்கத்தையும் பகைத்து, நாம் மூன்று பேர் எத்தனை நாள் நிற்பது? முன் வைத்த காலைப் பின் வைக்கிற ஆள் இல்லை நீங்கள். உங்கள் பிடிவாதத்தைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது எனக்கொன்றும் புதிதில்லை. ஆனால் இருக்கிற பிள்ளையைப் பார்ப்பதா, போன பிள்ளையைப் பார்ப்பதா? பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுத முடியவில்லை.

எடுப்பதானாலும் சரி, நிற்பதானாலும் சரி, லீவு போட்டுவிட்டு விசாரணைக்கு முன்னால் வாருங்கள். வந்ததும் என்னை இடுகாட்டுக்குக் கூட்டிப்போங்கள். பெண்கள் வரக்கூடாது என்று, பிள்ளையைப் புதைத்த அன்றைக்கு என்னை வாசலிலேயே பிடித்து நிறுத்திவிட்டார்கள். நீங்கள்தான் அவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனீர்கள். அவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். ரோடு வருவதற்குள் ஒரு தடவை எனக்குக் காட்டிவிடுங்கள்.

மாரியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சுசீலா