மாப்பிள்ளை வீடென்று நினைத்துவிட்டேன்

ஹஸ்னா மகள்,

சோறும் கோழிக்கறியும் குசினியில் மூடியிருக்கின்றன. முதலில் சாப்பிடு. மிச்சத்தைப் பசியோடு வாசிக்காதே.

நீ கெம்பஸ் போன பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். "உங்க மகளைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்" என்றாள். குமர்ப்பிள்ளை இருக்கும் வீட்டில் விசாரணை என்றால் வேறென்ன? மாப்பிள்ளை வீட்டார்தான் என்று நினைத்து அளந்து தள்ளிவிட்டேன்.

"எங்கட மகள் தனியா வாசலைக்கூடத் தாண்ட மாட்டா. வேலைக்குப் போற ஆசையே இல்ல. காசுன்னா என்னன்னே தெரியாத புள்ள. நிக்காஹ் முடிஞ்சா படிப்பை மூட்டை கட்டிட்டு வட்டிலப்பம் அவிச்சிக்கிட்டு இருப்பா."

அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சிரிப்புக்கூட இல்லை. கடைசியில்தான், லீவுக்கு நீ இன்டர்ன் வேலை கேட்டிருக்கும் முதலீட்டு வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். குரல் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பின்னேரம் முடிவு சொல்வார்களாம்.

பயப்படாதே. நேரில் பேசித் திருத்துவதற்குக் கொழும்பு பஸ் ஏறுகிறேன். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை!

வாப்பா

என் போன் அலுமாரிக்குள் இருக்கிறது. கொண்டுபோனால் வழியிலேயே மறிப்பாய். நான் போய்ச் சேருமுன் அது அடித்தால் வங்கிக்காரர் முடிவு சொல்லத்தான்; எடுக்காதே.

"வாப்பா, என் விஷயத்துல வாயத் திறக்காதீங்க" என்று நீ கோபித்தது நினைவிருக்கிறது. அதனால் இந்த முறை ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன். நிதியமைச்சர்கூட உன்னைக் கேட்டுத்தான் பட்ஜெட் போடுகிறார் என்று மட்டும் சொல்வேன்.