அம்சம் வாசித்த நோட்டீஸ்

என்னங்க, சோறு வடித்திருக்கிறேன். குழம்பை மட்டும் சுட வையுங்கள். சாவி மாடத்தில் இருக்கிறது.

நம் மகள் அம்சத்தைத் திட்டாதீர்கள். சங்கக் கூட்டத்தில் அறுப்புக்கூலி நோட்டீஸை மடமடவென்று படித்தாளே, அதில் 'கூலி' என்ற சொல்லை மட்டும் இன்று காலை தொட்டுக் காட்டினேன். திருதிருவென விழித்தாள். "மொதல்லேருந்து சொன்னாத்தாம்மா வரும்" என்கிறாள்! நீங்கள் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். அவளுக்கு நிஜமாகவே வாசிக்கத் தெரியுமா என்று நேற்று நான் கேட்டதற்கு "எம் பொண்ணையே சந்தேகப்படுறியா?" என்று எரிந்து விழுந்தீர்களே!

சொல்ல விட்டது: போன வருஷம் இரண்டாம் வகுப்பில் அவளுக்கு டீச்சர் நான்தான். அவளோடு சேர்ந்து முப்பது பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். படிக்கிறார்கள் என்றே நம்பினேன். ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்திக் கேட்கத்தான் இவ்வளவு சீக்கிரம் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறேன்.