டீயின் மேல் போட்ட பழி

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
14.10.2007

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் முறையாக நடந்து நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். போன ஞாயிறுதான் போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நிமிஷம் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது, இது கோர்வையாகச் சொல்ல வேண்டிய விஷயம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, கோயில் பாடல் குழுவுக்கு நடந்தே போய் வருகிறாள். இங்கே நல்ல மழை, மாடியில் துணி காய்ந்து நாலு நாள் ஆகிறது.

ஜூன் மாதம் கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப்பில் எனக்கு பிரஷர் 170/106 என்று வந்ததும், டாக்டர் “கிரேன் ஓட்டறவருக்கு இது ஆகாதுங்க, காலையில டீ குடிச்சீங்களா?” என்று கேட்டதும், நான் மூன்று குடித்தேன் என்று சொன்னதும் உனக்குத் தெரியும். டீதான் காரணம் என்று உன்னிடமும் சொன்னேன். நீ பொறுமையாக விளக்கினாய். டீயில் இருக்கிற காஃபீன் ரத்தக் குழாயைக் கொஞ்ச நேரம் இறுக்கும், ஏற்கெனவே மனசு டென்ஷனில் இருந்தால் இரண்டும் சேர்ந்து பிரஷரை இன்னும் ஏற்றும் என்றாய். மனசைக் கொஞ்சம் தணிக்கிற இன்னொரு பொருளும் தேயிலையில் இருக்கிறது, அதை ஆராய்ச்சி செய்கிறார்கள், ஆனால் அதை நம்பி டீயை மருந்து மாதிரி குடிக்கக் கூடாது என்றும் சொன்னாய். அதன் பேர் தியானின் என்றாய், நான் காலண்டர் ஓரத்தில் தியானம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரேயடியாக நிறுத்தாமல் குறைக்கச் சொன்னாய். நான் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தி, இரண்டு நாள் தலைவலியில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் 160க்குக் கீழே வரவில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, மாதாமாதம் வந்து காட்டுங்கள் என்று விட்டார்.

உன்னோடு வேலை செய்கிற பெண் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய பிரஷர் மெஷினில் அப்புறம் நானே பார்க்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பார்த்தால் 138. ஒரு டீ குடித்துவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் 144. அதே நான் திங்கட்கிழமை காலையில் ஒரு சொட்டு டீ குடிக்காமல், யூனிபார்ம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் 158. மூன்று வாரம் இப்படியே வந்தது. மெஷின் பழுதோ என்று அம்மாவுக்கு வைத்துப் பார்த்தேன், அவளுக்கு 120. அதற்கு மேல் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை கண்ணு.

வருஷா வருஷம் உனக்கென்று வேப்பனப்பள்ளியிலிருந்து மாம்பழம் கொண்டுவந்து தருவாரே வெங்கடசாமி, அவரும் நானும் பன்னிரண்டு வருஷம் இரும்பு வார்க்கிற ஒரே ஷெட்டில் வேலை. கீழே நின்று வார்ப்புப் பெட்டிக்குச் செயின் மாட்டிக் கையைத் தூக்கிக் காட்டுவார், நான் மேலே கேபினிலிருந்து தூக்குவேன். மார்ச் மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், கேன்டீன் நஞ்சம்மா டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள். நான் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே லீவரை இழுத்துவிட்டேன். அவர் கை காட்டவில்லை. ஒரு பக்கச் செயினை இன்னும் சரிசெய்துகொண்டிருந்தார். பெட்டி கோணலாக எழும்பி, நழுவி, அவர் காலுக்கு ஒரு ஜாண் தள்ளி விழுந்தது. சூப்பர்வைசர் ஓடிவந்து மேலே பார்த்து “அண்ணே, சிக்னல் குடுத்தாரா?” என்று கேட்டார். “குடுத்தாரு” என்றேன். அந்த ஒரு சொல்தான். செயினைச் சரியாக மாட்டாமல் சிக்னல் கொடுத்ததாக எழுதி, வெங்கடசாமிக்கு ஐந்து நாள் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். அப்புறம் வார்ப்புக்கு மணல் கலக்கிற மணல் பிளான்ட்டில் போட்டார்கள். அங்கே நாள் முழுக்க தூசி, அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவர் என் மேல் சந்தேகப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பதட்டத்துல நாந்தான் கையத் தூக்கிட்டனோ, ஜெபராஜண்ணா?” என்று கேட்டார். “விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது டீ என்று ஆனது அதற்கப்புறம்தான்.

போன மாதம் ஒரு நாள் காலையில் மெஷின் பட்டையைக் கையில் சுற்றியபடியே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டையை அவளே கழற்றினாள். “நான் டீத்தூளை ஒளிச்சு வெச்சிட்டு இருந்தேன், நீங்க இதை ஒளிச்சு வெச்சிட்டு இருந்தீங்களா?” என்றாள். பிறகு, “மொதல்ல அந்த மனுசங்கிட்டப் போய்ச் சொல்லுங்க, அப்புறமா ஆபீசுக்குப் போங்க” என்றாள்.

அந்த ஞாயிறே பஸ் ஏறி வேப்பனப்பள்ளிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வீட்டம்மாவிடம் தெலுங்கில் டீ போடச் சொன்னார். டீ வந்தது, நான் தொடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆறு மாசமா என் கையவே நான் நம்பலண்ணா” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட நடந்து வந்தார்.

மறுநாள் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ கொடுத்து, கிரேனிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். வெங்கடசாமியின் பேரில் எழுதியதை ரத்து செய்து பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள், இப்போது அவருக்கு மேலே வேறு ஆள் கிரேன் ஓட்டுகிறார். கேன்டீனில் வேறு மேஜையில் உட்காருகிறார். எதிரே வந்தால் தலையசைக்கிறார், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதும் பிரஷர் இறங்கிவிட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். வேலை நாளிலும் இப்போது 148தான் வருகிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் “வயசும் ஒரு காரணந்தாங்க” என்று தினம் அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார், விடாமல் போடுகிறேன். டீ காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கேபினுக்கு இனிமேல் ஏற மாட்டேன் என்பதில் வருத்தம் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன் பார், வருத்தம் இருக்கிறது.

இதை உனக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை என்று போன ஞாயிறு சொன்னாய். நான் கேட்பதற்கு முன்பே காரணத்தையும் சொல்லி, அதையே இரண்டு தடவை சொன்னாய், நீயும் எதையோ ஒளிக்கிறாயோ என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே லீவுதான் இல்லை என்றால் அப்பா தப்பாக நினைத்ததை மன்னித்துவிடு. டபுள் டியூட்டி என்று காபியை அடுத்தடுத்துக் குடிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, ஊருக்கெல்லாம் பிரஷர் பார்க்கிற நீ ஒரு நாள் அமைதியாக உட்கார்ந்து உனக்கும் பார்த்துக்கொள். மாதா உன்னை எப்போதும் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. வேறு ஏதாவது இருந்தால் எனக்கு எழுது. அம்மாவிடம் சொல்லச் சொன்னால் சொல்கிறேன், வேண்டாம் என்றால் என்னோடு இருக்கட்டும். நீ சொல்வதைக் கேட்டுத் தாங்க முடியாத அளவுக்கு என் உடம்பு ஒன்றும் மோசமில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
ஜெபராஜ்