சம்பந்தியம்மா பார்த்த உப்பு

என் அடுப்படியில் பாதியாக இருந்த ரெஜினா சம்பந்தியம்மாவுக்கு,

நான்தான், தனலட்சுமி. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பேச இப்போது வீட்டில் ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஓடுகிறது. உங்கள் மகள் ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து உள்ளே வரும்போது, என் மகன் குமார் திருமுடிவாக்கம் பட்டறைக்குப் போக வண்டியைக் கிளப்பிக்கொண்டிருப்பான். "கேஸ் புக் பண்ணியாச்சா?" "பண்ணிட்டேன்." புருஷன் பெண்டாட்டி பேச்சு அவ்வளவுதான். நம் பேத்தி ஷீலா அதற்கும் முன்னால், ஈரத் தலையோடு சிறுசேரி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பாள். காதலித்துக் கட்டிக்கொண்டவர்களுக்குக் கடைசியில் கேஸ் சிலிண்டர்தான் பேச்சா, சம்பந்தி? இதற்காகவா நாம் ரெண்டு பேரும் அன்றைக்கு அத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம்?

ஷீலா பிறந்தபோது பல்லாவரத்திலிருந்து ஒரு பையோடு வந்தீர்கள். தலை நிற்கும் வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்றீர்கள். அவள் சம்பளம் வாங்கிப் புடவை எடுத்துத் தரும் வரை இருந்தீர்கள். பெயர் வைக்கும்போதே சண்டை. ரெண்டு வீட்டுச் சாமிக்கும் சங்கடம் வராத பெயர் தேடித்தானே ஷீலா என்று வைத்தோம்?

நறுக்குவது, அரைப்பது, டிபன் பாக்ஸ் கட்டுவது உங்கள் வேலை. அடுப்பு என்னுடையது. சமைக்கும்போது நான் வாயில் வைத்துப் பார்க்க மாட்டேன். சாமிக்கும் காக்காவுக்கும் எடுத்து வைப்பதற்கு முன்னால் ருசி பார்த்தால் அது எச்சில். அதில் எனக்கு எவ்வளவு கர்வம்! வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டுவேன். "வாயில வெக்காமலே உப்பு எப்படி வருது பாருங்க. கை அளவு." நீங்களும் பக்கத்தில் நின்று, "ஆமா, சம்பந்தி கை தராசு" என்பீர்கள்.

நீங்கள் போன பிறகு தராசு கெட்டுப் போயிற்று.

ஷீலாவின் டிபன் பாக்ஸ் மூடி திறக்காமலே திரும்பி வந்தது. "ஆபீஸ்ல ட்ரீட் பாட்டி" என்பாள். மறுநாளும் ட்ரீட். அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார்களா, விருந்துதான் வைக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டேன். நான் மோர்ச்சோறோடு நிறுத்திக்கொள்கிறவள், என் நாக்குக்கு எதுவும் எட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். குமார் சாம்பார் சாதத்தில் தயிரை ஊற்றிப் பிசைந்தான்.

"என்னடா இது? சாம்பார்ல தயிரா?"

"சும்மாம்மா. வெயிலுக்கு நல்லது."

"டேய், உன்னைப் பெத்தவ நான். ஒழுங்கா சொல்லு."

ஷீலா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "பாட்டி, கோவளம் பீச்சுல குளிச்சா தண்ணி வாய்க்குள்ள போகும் இல்ல? அந்த டேஸ்ட்."

"போன வாரம் உப்பே இல்லைன்னியே?" என்று அவளைக் கேட்டான் குமார்.

"அது போன வாரம்!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் ஜெசிந்தா மெதுவாகச் சொன்னாள். "அத்தை, கோச்சிக்காதீங்க. தினமும் அம்மாதான் உப்பு பார்த்து சரி பண்ணுவாங்க. நீங்க விளக்கேத்த உள்ள போவீங்க இல்ல, அப்போ."

"என் குழம்புலயா? எனக்குத் தெரியாமயா?"

"சாமிக்கு நீங்க எடுத்து வெச்ச அப்புறம்தான் வாயில வெப்பாங்க அத்தை. அதுக்கு முன்னாடி கரண்டியத் தொட மாட்டாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சில நாள் என் குழம்பில் நான் போடாத உருளைக்கிழங்கு மிதக்கும். "இது எங்க இருந்து வந்துச்சு?" என்று சண்டைக்கு வருவேன். "கொழந்தைக்குப் பிடிக்கும் சம்பந்தி, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்" என்பீர்கள். உப்பை இழுக்கத்தானா அது? அப்படியென்றால் இத்தனை வருஷமும் என் கை உப்பைத் தின்றது சாமியும் காக்காவும்தானா? நான் இதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். "பாவம்மா அந்தக் காக்கா" என்றான் குமார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே அவன் சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று ஆரம்பித்தான். நான் குதித்தேன். இந்தக் கை விழுகிற வரைக்கும் இந்த அடுப்பை இன்னொருத்திக்கு விட மாட்டேன் என்றேன். சில நாள் அவனோடு பேசவே இல்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவன் அதைச் சொன்னபோது தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. விடியும் முன்னால் எழுந்து குக்கர் முன்னால் நிற்க இடுப்பு கேட்கவில்லை. விரல்கள் மடங்கிப்போய்விட்டன. கல் உப்பை அள்ளினால் பாதி கையில் நிற்கிறது, பாதி தரையில் விழுகிறது. களைத்துவிட்டேன் சம்பந்தி. அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? நீங்கள் இருந்திருந்தால் எனக்குப் பதிலாக நீங்களே சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

கடைசியில் கஸ்தூரி என்று ஒருத்தி வந்தாள். இரும்புலியூரில் இருக்கிறாள், நாலைந்து வீட்டில் சமைக்கிறாள். விடியும் முன்னால் முதலில் நம் வீட்டுக்குத்தான் வருவாள். "நீ போய் உக்காரு ஆயா, நான் பாத்துக்குறேன்" என்று என்னை என் அடுப்படியிலிருந்தே துரத்தினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். வேகமான கை. குழம்பு கொதித்தது, உப்பைப் போட்டாள், மூடினாள். வாயில் வைக்கவே இல்லை.

"ஏம்மா, உப்பு பாக்க மாட்டியா?"

"ஐய, இன்னா ஆயா நீ! வேலை செய்யற வூட்ல வாயில வெச்சா, எச்சி பண்ணிட்டேன்னு பேஜார் பண்ணுவாங்க. என் கைக்குத் தெரியும். அளவு தப்பாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொல்லிக்கொண்டு திரிந்த அதே பேச்சு. நான் சாமிக்காக வாயைக் கட்டினேன், இவள் பிழைப்புக்காகக் கட்டியிருக்கிறாள்.

"இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ பாரும்மா" என்றேன்.

"வேணாம் ஆயா. இங்க பழகிட்டா அடுத்த வூட்ல கை தானா வாய்க்குப் போய்டும். அப்பால வேலை பூடும்."

பாத்திரம் கழுவ அவள் பின்பக்கம் போனாள். நான் சாமிக்கு எடுத்து வைத்தேன், காக்காவுக்கு வைத்தேன். பிறகு கரண்டியை எடுத்து, உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்தேன். அடுப்பின் முன்னால் நின்று நான் உப்பு பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கம்மி. விரலை நம்பாமல் ஸ்பூனால் எடுத்துப் போட்டுக் கலக்கினேன். அவள் கால் சத்தம் கேட்டது. கரண்டியை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. உங்களுக்கும் தினமும் இப்படித்தான் அடித்ததா?

அன்றைக்கு ஷீலாவின் பாக்ஸ் கழுவி வைத்த மாதிரி காலியாக வந்தது. சாயங்காலம் குமார் ரசித்துச் சாப்பிட்டான். "கஸ்தூரி கை நல்ல கைம்மா. உப்பு கரெக்டா இருக்கு."

ஜெசிந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உங்கள் கண் அப்படியே அவளுக்கு. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, அவ கை தராசு" என்றேன்.

சொன்ன பிறகுதான் நினைத்தேன். என் கர்வத்தைக் கேட்டுக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நின்றீர்களே, உங்களுக்குள் சிரிப்பாக இருந்ததா, அலுப்பாக இருந்ததா? ஒரு நாளாவது சொல்லிவிடலாம் என்று தோன்றவில்லையா? எனக்கு ஒரு வேளைக்கே நாக்கு துறுதுறுக்கிறது.

சொல்ல மாட்டேன், சம்பந்தி. கஸ்தூரி காதுக்கு இது போகாது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு வரும்போது உங்களிடம் மட்டும் கணக்கு ஒப்பிக்கிறேன். அதுவரை நீங்கள் உட்காருங்கள். உப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஷீலாவின் இன்னொரு பாட்டி,
உங்கள் சம்பந்தி தனலட்சுமி