சாவி என்ற சொல்

8 ஜூலை 2001
அம்மா இன்று காளிகாட்டுக் கோவில் தெருவில் வழி தெரியாமல் நின்றுவிட்டாள். முப்பது வருடமாகப் போய்வரும் இடம். பூக்கடைக்காரர்தான் போன் செய்தார். லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு அழைத்துவந்ததும், "வெயில்டி, தலையைச் சுத்திடுத்து" என்றாள்.

காலையிலிருந்து மழை.

9 ஜூலை
பெங்களூரிலிருக்கும் அண்ணா குருமூர்த்தியிடம் சொன்னேன். "அம்பத்தெட்டு வயசுல என்னடி வியாதி? அந்த வைத்தியப் புஸ்தகத்தக் கொஞ்சம் மூடி வை" என்று சிரித்தான். அப்பாவும் இல்லை. வேறு யாரிடம் சொல்வது?

20 ஜூலை
டாக்டரிடம் போனோம். பத்து நிமிட ஞாபகச் சோதனை, மொத்தம் முப்பது மதிப்பெண். அவருக்குத் தமிழ் தெரியாது; அம்மாவின் வங்காளம் காய்கறிக் கடையோடு சரி. நடுவில் நான்.

இன்று என்ன தேதி?

"ஆடி மொத வெள்ளி. அவருக்குத் தெரியாதாமா?"

ஜூலை இருபது, வெள்ளி என்றேன். அது மொழிபெயர்ப்புதான். அதுவரை சரி.

எலுமிச்சை, சாவி, குடை — நினைவில் வைக்க மூன்று சொற்கள். தமிழில் சொல்லிக்கொடுத்தேன். அம்மா திருப்பிச் சொன்னாள். பிறகு நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். கடைசி இரண்டு விடைகள் என்னுடையவை. பிறகு அந்த மூன்று சொற்களைக் கேட்டார்.

"எலுமிச்சை... குடை..." என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டுண்டே இருக்காரே, பாவம், காபி சாப்பிட்டாரான்னு கேளு."

நான் வங்காளத்தில் மூன்றையும் சொன்னேன்.

இருபத்தைந்து. மறுபடி வரச் சொன்னார்.

21 ஜூலை
எந்த இடத்தில் மொழிபெயர்ப்பு பொய்யானது?

29 ஜூலை
குளித்துவிட்டு வந்தால் வீடெங்கும் காஸ் நாற்றம். அடுப்பைத் திறந்துவிட்டு, பற்ற வைக்காமல், காபிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த இருபத்தைந்தை நம்பியா இவளைத் தனியே விட்டு ஆபீஸ் போகிறேன்? அதை நானே எழுதினேனே. நானே.

10 ஆகஸ்ட்
தனியாகப் போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். ஒரு சொல்லின் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி. நான் தமிழில் சொல்லிக்கொடுத்தபோது ஒரே ஒரு சொல் அவருக்குப் புரிந்ததாம்: சாவி. வங்காளத்திலும் அது 'சாபி'தானே. மாஷிமா (அம்மாவை அவர் அப்படித்தான் அழைக்கிறார், சித்தி என்பதுபோல) வாயிலிருந்து அது இரண்டாம் முறை வரவே இல்லை என்றார்.

கோபப்படவில்லை. தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அடுத்த முறை அவள் கேட்கட்டும் என்றார்.

இந்த ஊரில் இதை அறிந்தவர்கள் இப்போது இரண்டு பேர். பஸ்ஸில் அழுதேன்.

17 ஆகஸ்ட்
உள்ளே நர்ஸ் கேட்க, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது. மாத்திரை, இன்னும் சில பரிசோதனைகள், தனியே விடக்கூடாது. வியாதிக்குப் பெயர் வைக்க இன்னும் நாளாகுமாம்.

வெளியே வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலடி. நீ எவ்வளவோ தேவலை."

தெரிந்திருக்கிறது! அன்றே!

2 செப்டம்பர்
பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்த்து அம்மாவும் கொத்துச் சாவியைத் தலைப்பில்தான் முடிந்துகொள்வாள். கல்யாணமாகி இங்கே வந்த வருடத்திலிருந்து. இன்று காலை அதை அவிழ்த்து என் துப்பட்டா நுனியில் இறுக்கி முடிந்தாள்.

"இதுக்குப் பேர் என்ன, சொல்லு பாப்போம்" என்றாள்.

கேலியா, தெரியாமலா என்று நான் கேட்கவில்லை. சொன்னேன்.