ஜெயிக்கும் வரியில் ஒரு பிழை

இன்று காலை அலுவலகத்தில், புதிதாக எழுதிய கணினி விளையாட்டு ஒன்று பாதியில் நின்று, நிரலில் பிழை என்பதைத் திரையில் ‘சின்டாக்ஸ் எரர்’ என்று காட்டியது. எழுதிய பெண்ணின் முகம் வாடிவிட்டது. எனக்கோ சிரிப்பு வந்தது. உன் நினைவு வந்தால் அப்படித்தான் தோழி, நீ கண்ணை மூடி ஓராண்டு ஆன பிறகும்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் கடைசி வருடம் சேர்ந்து படித்தபோது, கண்காட்சிக்காக ‘பேசிக்’ என்ற கணினி மொழியில் படகு விளையாட்டு ஒன்று எழுதினோமே! தாமிரபரணியில் வெள்ளம், மிதந்து வரும் மரங்களில் மோதாமல் படகை அக்கரை சேர்க்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல நீ தட்டச்சு செய்வாய். உன் விரல்கள் உன் வாயைவிட வேகம். துறைத்தலைவர் மேடத்துக்கு இதில் விருப்பமே இல்லை. “படிக்க வந்தீங்களா, விளையாட வந்தீங்களா? நடுவுல ஒரு தடவ நின்னாலும் அணைச்சிருவேன்” என்று சொல்லித்தான் அனுமதி தந்தார்.

கண்காட்சியன்று காலை முழுக்க எல்லோரும் மரத்தில் மோதிப் படகோடு மூழ்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூழ்கினார்கள், கூட்டி வந்த ஆசிரியர்களும் மூழ்கினார்கள். மதியம் மேடம் வந்து, “அப்படி என்னதான் இருக்கு இதுல?” என்று உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆடத் தொடங்கியவருக்குச் சீக்கிரமே பிடி கிடைத்துவிட்டது. படகு அக்கரையைத் தொட்டது. உடனே திரையில் ‘சின்டாக்ஸ் எரர்.’

மேடம் அணைத்துவிடுவார் என்று நான் சுவிட்சைப் பார்த்தேன். நீ கைதட்டினாய். “மேடம், நீங்க ஜெயிச்சிட்டீங்க! காலைலருந்து ஒருத்தரும் கரையேறல. கம்ப்யூட்டரே திகைச்சுப் போச்சு!”

கூட்டமும் கைதட்டியது. மேடத்தின் கை சுவிட்சுப் பக்கம் போகவில்லை.

“ஜெயிச்சா என்ன வரும்?” என்று கேட்டார்.

“உங்களுக்கு ஒரு வாழ்த்து வரும், மேடம்.”

“அப்பம் சீக்கிரம் சரிபண்ணுங்க. அதப் பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்.”

வாழ்த்தைக் காட்ட வேண்டிய நிரல் வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிழையே தெரியவில்லை. நீ என் காதோரம், “ஏட்டி, நீ மனசுல இருக்கதத்தான் வாசிக்க. பைய, பின்னாலருந்து எழுத்தெழுத்தா பாரு” என்றாய். பார்த்தேன். ‘பிரின்ட்’ என்ற சொல் ‘பிர்னிட்’ ஆகியிருந்தது. உன் விரல் செய்த வேலை!

திருத்தியதும் ஆட்டம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மேடம் மூழ்கினார், விடாமல் மறுபடி ஆடினார். சுற்றி நின்றவர்கள் “இடது, இடது!” என்று கத்தினார்கள். கடைசியில் வாழ்த்து வந்தபோது அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அதற்கு முன்பும் பின்பும் அவர் துள்ளி நாம் பார்த்ததில்லை.

“அத்தன தடவ ஆடிப் பாத்தோம், இது எப்படிட்டி தப்பிச்சுது?” என்று பிறகு கேட்டேன்.

“நாம ஒரு தடவையாவது ஜெயிச்சோமா? ஜெயிச்சாத்தான கம்ப்யூட்டர் அந்த வரியையே வாசிக்கும்!” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

சாத்தான்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், அங்கே கணினி வகுப்பு நடத்தினாய். நோயில் படுத்திருந்த உன்னை என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் நான் வந்து நின்றபோது, “மேடம் துள்ளுனது ஞாபகம் இருக்காட்டி?” என்று நீயே பேச்சைத் தொடங்கினாய். உனக்கு இருமல் வரும்வரை சிரித்தோம்.

இப்போதும் எந்த விளையாட்டு சோதனைக்கு என் மேசைக்கு வந்தாலும், தோற்கும் வழிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஜெயிக்கும் வரியைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன். அங்கே எழுத்துப் பிழை ஏதாவது அகப்பட்டால், உன்னைச் செல்லமாக ஒரு திட்டு திட்டிவிட்டுத்தான் திருத்துகிறேன்.