போணிக்கு முன் கேட்ட கேள்விகள்

நவ. 10, திங்கள்

விடியலிலிருந்து தூறல். தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றதில் பாவாடை வரை சேறு. கணக்கெடுக்கிற டேப்லெட்டுக்கு ஆபீஸில் மழை உறை கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குக் குடை கிடையாது.

டெல்லியிலிருந்து மதிப்பீட்டு நிபுணர் வந்தாயிற்று. இனி நி. போதும், அந்த ஆளுக்கு முழுச் சொல் தண்டம். மதியம் வரை 'சிக்கலான அமைப்புகள்' வகுப்பு. வட்டம், வட்டத்துக்குள் அம்பு. எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையதாம். இதைச் சொல்ல விமானம் ஏறி வந்திருக்கிறார்.

விஷயம் ஒரு வேன். வெளிநாட்டு நிதி. எண்ணூர் மீன்காரப் பெண்களை விடியலில் காசிமேடு ஏலத்துக்குக் கூட்டிப்போய், கூடைகளோடு திரும்பக் கொண்டுவிடும். மீன்கூடையைப் பார்த்தால் ஷேர் ஆட்டோ நிற்காது. கணக்கெடுப்பில் 'சொந்தக் காலில் நிற்கிறார்கள்' என்று வந்துவிட்டால் வேன் வேறு ஊருக்குப் போய்விடும்.

வாங்க: இருமல் மருந்து, ரீசார்ஜ், குடை.

நவ. 11, செவ்வாய்

வெயில். எண்ணூர் மார்க்கெட். மூக்கில் கைக்குட்டையோடு நி.

யாருக்கும் இன்னும் போணி ஆகவில்லை. முதல் வியாபாரம் முடியும்வரை கூடைமுன் உட்கார்ந்து 'இல்லை' என்று வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் அன்றைய பிழைப்பு படுத்துவிடும் என்று பயம். சாயங்காலம் கேட்கலாம் சார் என்றேன். பதில் நேரத்துக்கு நேரம் மாறினால் அது டேட்டாவே இல்லையாம்.

கேட்டோம். வருமானம் போதுமா? "கீதும்மா." வேன் நின்றால் சமாளிப்பீர்களா? குழுத் தலைவி மல்லிகாக்கா கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாத்துக்கலாம்மா."

அத்தனை பதிலும் ஆமாம். நி. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நவ. 13, வியாழன்

நி.க்கு வயிற்றுப்போக்கு. சந்தோஷம்.

சாயங்காலம் தனியாகப் போனேன். கூடை காலி, அதனால் வாய் திறந்தது. எல்லாரும் ஒரே பேச்சு, வேன் போனால் அவ்வளவுதான். மல்லிகாக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார். "வண்டி நின்னா பொழப்பே பூடும்மா. அந்த ஆளாண்ட சொல்லு."

நி.க்கு எழுதி அனுப்பினேன். கணக்கெடுப்பு ஆப்பைப் பூட்டியாயிற்றாம். இதெல்லாம் 'சுவையான கதைகள்', பின்னிணைப்பில் போடலாமாம். பின்னிணைப்பை எவன் படிக்கிறான்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. கோபமாகவும் இருக்கலாம்.

நவ. 17, திங்கள்

மறுபடி மழை. இம்மாதத்தோடு வேன் நிற்கிறது. அறிக்கையில் குழுவுக்குப் பாராட்டு.

பணம் அனுப்பினவர்களுக்கு 'வெற்றிக் கதை' வீடியோ வேண்டுமாம். அதுவும் காலையில், வெளிச்சம் நன்றாக இருக்குமாம். கேமராவோடு நி., கேள்வி கேட்க நான். வேன் நிற்கிற சேதி மார்க்கெட்டுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. போணி ஆகவில்லை. இந்தத் திட்டத்தால் வாழ்க்கை மாறியதா என்று மல்லிகாக்காவிடம் கேட்டேன். கேட்கவே கூசியது.

"இல்ல."

பக்கத்துக் கூடைக்காரிகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஒருத்தி அவர் கையைப் பிடித்தாள். உதறினார்.

"இனிமே வண்டியும் இல்ல, மீனும் இல்ல. எழுதிக்கோ."

என்ன சொல்கிறார் என்றார் நி. இல்லை என்கிறார் என்றேன். மழையில் ஒலி சரியாகப் பதியவில்லையாம், இன்னொரு தடவை, கொஞ்சம் சிரித்தபடி கேட்கச் சொன்னார்.

கேட்டேன். மல்லிகாக்கா எழுந்து நின்று, மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி, மறுபடி சொன்னார்.